அறுபது நிமிடமும் பதினான்கு கிராமும்

...பேட் நனைந்ததால் மாற்றுகிறீர்களா, நேரமாகிவிட்டது என்று மாற்றுகிறீர்களா, இப்படியும் ஒருத்தி கேட்பாள் என்று யார் கண்டது, அதுவும் போனில், அதுவும் காலை பத்து மணிக்கு, கவுண்டருக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறபோது... போனை எடுத்துக்கொண்டு சாக்குப்பைகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போய் நின்று, என்ன சிஸ்டர் கேட்டீங்க என்று இரண்டாவது முறையும் கேட்டாள். இருபத்தாறு வருஷமாகத் தபால் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் யாருக்கும் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்காமல் எடை போட்டு, கூட வேலை செய்கிறவர்கள் வாய்க்கு வாய் 'கிராம் அக்கா' என்று கூப்பிடுகிற அளவுக்குப் பேர் வாங்கியவள், தன் உடம்பைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்விக்கு முழி முழி என்று முழித்தாள். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் அந்த நர்ஸும் விட்டபாடில்லை. "நீங்க ஆப்ல அனுப்பினதை எல்லாம் வரிசையாப் பார்த்தேன் மேடம். எண்பத்து நாலு நாளும் மூணு பேட். ஒரு நாள் ரெண்டு இல்லை, ஒரு நாள் நாலு இல்லை. கசிவுன்னா இப்படி டைம்டேபிள் போட்டுக்கிட்டா வரும்?" என்றாள். வராதுதான். எட்டுப் பேர் வரிசையில் நின்று ஒன்பதாவது ஆளும் சேர்ந்துகொள்கிற சத்தம் கேட்டது, இவள் மட்டும் சாக்குப்பைகளைப் பார்த்துக்கொண்டு, வராது, வராதுதானே என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தாயிற்று, மணி மூன்று, சமையலறை மேஜையில் உப்பு ஜாடிக்குச் சாய்த்து நிறுத்திய போன், பக்கத்தில் எடை மெஷின், மகள் கல்யாணத்துக்கு முன்னால் கேக் செய்கிறேன் பேர்வழி என்று வாங்கி நாலு கேக்கோடு கைவிட்டது, அதன்மேல் புத்தம் புதிய பேட் ஒன்று. பதினான்கு கிராம். எடுத்துவிட்டு, தட்டைத் துடைத்து, பூஜ்யம் வருகிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தாள், பதினான்கு, இன்னொரு தடவை, பதினான்கு, மூன்று தடவை போடாமல் எந்த எடையையும் அவள் நம்பியதில்லை. ஆப்பில் 'முன் எடை' என்ற கட்டத்தில் பதினான்கு என்று அடித்து, அந்தப் பேடை வைத்துக்கொண்டு வந்து 'தொடங்கு' என்பதைத் தொட்டதும், அறுபது நிமிடம் ஒவ்வொரு நொடியாகக் குறைய ஆரம்பித்தது. நர்ஸ் சொன்ன சோதனை இதுதான், எடை போட்ட பேடை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீர் குடி, நட, படியேறு, இருமு, ஓடு, கடைசியில் அதே பேடை எடுத்துத் திரும்ப எடை போட்டு ஐந்து மணிக்குள் அனுப்பு, நாளைக் காலை டாக்டரம்மா அதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். தேதி குறித்தால் அடுத்த மாதம். அடுத்த மாதம்தான் மகளுக்குப் பிரசவம். ஏழு மணி நேர பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகளிடம், இந்தத் தடவை கட்டாயம் வருவேன் என்று சொல்வதற்காகத்தானே பதினோரு வருஷம் மூடி மூடி வைத்த சிறுநீர்க் கசிவை ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்து சொன்னாள், ஆபரேஷன் மேஜையில் படுத்தாள், கீழே ஏதோ நாடாவை வைத்துத் தாங்கல் கொடுத்துத் தைத்தார்கள், எல்லாம் அதற்காகத்தானே... ஆனால் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் ஆப்பில் 'எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை' என்று சிவப்பில் வந்ததைப் பார்த்தபோது, நல்லவேளை, சொல்லித் தொலைக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது, அழுகை அப்புறம்தான் வந்தது.

பதினைந்து நிமிடத்தில் அரை லிட்டர் தண்ணீராம், யார் குடிப்பார்கள் இவ்வளவையும், காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர், வெளியே போகிற நாளில் அதுவும் கிடையாது என்று மருந்துபோலக் குடித்துப் பழகிய தொண்டை மூன்றாவது வாயிலேயே போதும் என்றது. போதாது, குடி. அன்றைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தாள், பதினோரு வருஷத்துக்கு முன்னால், புத்தகம் அடைத்த பார்சல் ஒன்றைத் தூக்கித் தராசில் வைக்கும்போது ஒரு தும்மல் வந்தது, ஒரே ஒரு தும்மல், கூடவே சூடாக... பத்தொன்பது கிலோ நானூறு கிராம், அந்த எடை இன்னும் ஞாபகம் இருக்கிறது, பார்சல்காரர் முகம் ஞாபகமில்லை. ஐந்து மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, எல்லோரும் போன பிறகுதான் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள், மறுநாளிலிருந்து கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் உடை எடுக்கவில்லை. காலை எட்டுக்கு ஒரு பேட், பகல் ஒன்றுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. எடுத்ததைப் பார்ப்பதில்லை. கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவிச் சுருட்டி, காகிதத்தில் சுற்றி, மூலை மடித்து, ஒட்டி... பார்சல் மாதிரியே கட்டுவாள், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது கவுண்டர்க்காரி வேலையா என்ன, கட்டு சரியாக இருக்கிறதா, எடை எவ்வளவு, முடிந்தது கதை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதே நர்ஸ்தான் போனை வாங்கி ஆப்பை ஏற்றிக் கொடுத்து, "இனிமே தினம் நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு இது மணியடிக்கும், கேக்கற மூணு கேள்விக்குப் பதில் போட்டா நாங்க இங்கேருந்து பார்த்துக்குவோம்" என்றாள். இன்று எத்தனை பேட்? மூன்று. கசிவு இருந்ததா, ஆம், இல்லை, தெரியவில்லை? பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது, தெரியவில்லை. இன்று நீங்கள் எந்த முகம், சிரிக்கிற முகமா, அழுகிற முகமா? நடுவில் உள்ளது. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கும், பேட் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், வைத்துக்கொண்டாள், பிறகு நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாததை அவள் எப்படி நிறுத்துவாள்? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், கேட்காததற்கு மூச்சுக் காட்டாதே, இருபத்தாறு வருஷமாக மேலதிகாரிகளிடம் அவள் பிழைத்த பிழைப்பு அது. அந்த நேர்மையே காலை வாரிவிட்டதா? அல்லது நிஜமாகவே நனைந்துகொண்டுதான் இருந்ததா? இருக்காது என்று எப்படிச் சொல்வது, ஈரம் மாதிரி ஒன்று எப்போதும் இருந்துகொண்டுதானே இருக்கிறது, அது உடம்பில் இருக்கிறதா மனசில் இருக்கிறதா... மணி அடித்தது. தண்ணீர் முடிந்தது, நடக்கச் சொல்கிறது.

மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி படியேறுகிறாள் என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், அவர் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்துவிட்டு வருவார், இந்தக் கட்டிடத்தில் மட்டும் லிஃப்டே கிடையாது. முதல் தடவை இறங்கினாள், ஏறினாள். இரண்டாவது தடவை இறங்கியபோது கீழ்வீட்டு டீச்சர் கதவைத் திறந்து, "என்ன, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள், "ஆமா, தேடிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறும்போது, பொய்யும் இல்லையே அது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை. மகள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள், புது வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளைக்குக் கால் முறிந்தபோது, சும்மா வாயேன்மா என்று ஒரு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், லீவு இல்லை, ஆடிட் வருகிறது, அப்பாவுக்குச் சளி, எனக்குப் பஸ் ஒத்துக்காது. பஸ் ஒத்துக்காது என்றால் அவள் நம்புவாளா, சின்ன வயதில் ஜன்னல் சீட்டுக்கு அவளோடு சண்டை போட்ட அம்மா ஆயிற்றே. கடைசித் தடவை, "சரி விடும்மா, உனக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்" என்றாள், கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மாசமாக இருக்கிறேன் என்று சொன்ன அன்றுகூட, வா என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இவள் டாக்டரிடம் போனாள், யாருக்கும் சொல்லாமல், மழையில். ஐந்தாவது தடவை ஏறும்போது மூச்சு வாங்கியது, வயிற்றில் அரை லிட்டர் குலுங்குகிறது, அங்கே ஈரமா, வியர்வையா, ஐயோ தெரியவில்லை, பாதியில் போய்ப் பார்த்துவிடலாமா, கூடாது, அறுபது நிமிடம் முடியாமல் எடுக்கக் கூடாது என்று ஆப் சொல்லியிருக்கிறது, பார்க்காமலிருக்க ஆயிரம் வழி கண்டுபிடித்தவளுக்கு இப்போது பார்க்காமலிருக்க முடியவில்லை!

உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், பத்து தடவை. பிறகு பலமாக இரும வேண்டும், பத்து தடவை. மூன்றாவது இருமலில் கதவு திறந்து புருஷன் உள்ளே வந்தார், தோளில் ஸ்பேனர் பை, இன்றைக்கென்று சீக்கிரம் வேலை முடிந்திருக்கிறது பார். "என்ன, உடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை, நாலு. "தண்ணி வேணுமா?" வேண்டவே வேண்டாம், ஐந்து. போனைப் பார்த்தார், எடை மெஷினைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருக்கிற நிமிடங்களைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் எதையும் கேட்டதும் இல்லை, பதினோரு வருஷத்தில் சினிமாவுக்குப் போன ஆறேழு தடவையும் கதவுக்குப் பக்கத்தில் ஓர இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுத்தவர், ஏன் என்று இவளும் கேட்டதில்லை, நல்ல மனுஷன்தான், வாய்தான் கிடையாது. இப்போது வாய் வந்தது. "ஆறு, ஏழு, இது கணக்குல வராது, இருமல் மாதிரியே இல்லை, தொண்டையைச் செருமற மாதிரி இருக்கு, மறுபடி" என்றார், மேலதிகாரி மாதிரி. பத்து முடிந்தது. அடுத்தது நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும் என்று ஆப் சொன்னது. சமையலறையில் ஓடுவதா, ஐம்பத்து மூன்று வயதில்? "தனியா ஓடினா கூச்சமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் தானும் ஓட ஆரம்பித்தார், பையைக்கூடக் கழற்றவில்லை, ஸ்பேனர்கள் தகரக் கடையை உருட்டிவிட்ட மாதிரி சத்தம் போட, சொட்டைத் தலை குலுங்க, முகத்தை மட்டும் வேலைக்கு இன்டர்வியூ வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டு... கீழேயிருந்து டீச்சர், "மேலே என்ன இடியுது?" என்று குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், வந்துவிட்டது சிரிப்பு.

சிரிப்பு வேண்டாம், சிரிப்பு லிஸ்ட்டிலேயே இல்லையே, தும்மலைவிட மோசம் சிரிப்பு, தும்மல் ஒன்றோடு போய்விடும், சிரிப்பு விடாது... கால்கள் தானாகப் பின்னிக்கொண்டன, கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள், இப்படித்தான் பதினோரு வருஷமாக, யாராவது ஜோக் சொல்லப் போகிறார் என்று தெரிந்தாலே எழுந்து போய்விடுவாள், மகள் கல்யாணத்தன்றுகூட எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கும்போது இவள் ஒருத்தி உம்மென்று நின்றாள், சம்பந்தி அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. "ஓடு, ஓடு, இன்னும் இருபது செகண்ட் இருக்கு" என்றார் புருஷன். ஓட வேண்டுமென்றால் பின்னிய காலைப் பிரிக்க வேண்டும். பிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓடினாள், ஓடிக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீர், வயிறு வலிக்கிறது, போச்சு, எல்லாம் போச்சு, இத்தனை சிரித்தால் நாடாவாவது ஒன்றாவது, இரண்டாவது ஆபரேஷனே போட்டுக்கொள்ளுங்கள், போங்கள், ஆனால் எவ்வளவு நன்றாக இருக்கிறது சிரிப்பதற்கு. கீழே கிடந்த சாவியை ஐந்து தடவை குனிந்து எடுத்தபோதும் இடையிடையே சிரிப்பு வந்தது. கடைசியாகக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் கை கழுவ வேண்டும். தண்ணீர் விழுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டாலே கழிப்பறைக்கு ஓடுகிறவள் அசையாமல் நின்று, கையைப் பார்த்துக்கொண்டே நின்று, விரல் விரலாகக் கழுவினாள், மணி அடிக்கிறவரை.

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். கழுத்து பழக்கப்படி அந்தப் பக்கம் திரும்பப் போனது. திரும்பாதே. கையில் இருக்கிறது, குனிந்து பார், உன்னுடையதுதானே... பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டாள், ஒரு ஓரம், நடு, இன்னொரு ஓரம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள், கடையில் துணி பார்க்கிறவள் மாதிரி. எங்கேயும் ஒன்றும் இல்லை. எத்தனை நாளாக இப்படி? நேற்றும் இப்படித்தானா, போன மாதமும்? எண்பத்து நாலு பெருக்கல் மூன்று, இருநூற்று ஐம்பத்திரண்டு பார்சல், எல்லாவற்றையும் மூலை மடித்து ஒட்டி அனுப்பினேனே, ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா, மடச்சி, மடச்சி... அழுதாள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. அழுது முடித்து வந்து தராசில் வைத்தாள். பதினான்கு. பதினைந்து. பதினான்கு. எண் ஒரு இடத்தில் நிற்காமல் தட்டாமாலை சுற்றியது. "பதினாலுன்னு போட்டுடேன், கண்ணுக்கு நேரே காஞ்சிருக்கே" என்றார் புருஷன். கவுண்டரில் இப்படி ஆடினால் கூடுதலைத்தான் எழுத வேண்டும், அதுதான் சட்டம், தனக்கு வேண்டிய எடை என்பதற்காகச் சட்டத்தை மாற்றுவதா? 'பின் எடை: பதினைந்து' என்று அடித்தாள். திரை மஞ்சளாக மாறி, பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி நின்றது. முதல் முறையாக அந்த ஆப்பின் அடியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்தாள், யாரும் கேட்காமலே அதில், 'சிரித்தேன், இரண்டு நிமிடம் இருக்கும், உலர்ந்துதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்' என்று எழுதி அனுப்பினாள்.

நாலே முக்காலுக்கு நர்ஸ் போன் செய்தாள், கூப்பிட்டதே சிரித்துக்கொண்டுதான். "மேடம், ஒரு கிராம் வியர்வை. அதுக்கு நாங்க கத்தி எடுக்க மாட்டோம். டாக்டர்கிட்ட இப்பவே காட்டிட்டேன், ரெண்டாவது ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க. நாளைக்கு வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போங்க, அப்புறம் பேட் இல்லாம இருந்து பழகுங்க, முதல்ல வீட்டுல, பயமா இருந்தா ஒரு மணி நேரம் மட்டும்." நன்றி சொன்னாளா, ஞாபகமில்லை, போனை வைத்துவிட்டு அதே சூட்டில் மகளைக் கூப்பிட்டாள், கொஞ்சம் தாமதித்தால் புத்தி ஏதாவது காரணத்தைக் கண்டுபிடித்துவிடும். "என்னம்மா, இந்த நேரத்துல?" பிரசவத்துக்கு வரேன், முன்னாடியே வந்துடறேன். மறுமுனையில் மெதுவாக, "அப்பா சொல்லச் சொன்னாரா?" இல்லைடி, நானேதான், ஒரு ஆபரேஷன் ஆச்சு எனக்கு, பயப்படாதே, நல்ல ஆபரேஷன், நேர்ல வந்து எல்லாம் சொல்றேன், சிரிப்பா இருக்கும். "நிஜமா வர்றியா? எத்தனை நாள் இருப்பே?" வரமாட்டேன் என்பதற்கு, மகள் கல்யாணமாகிப் போன நாலு வருஷத்துச் சரக்கு கைவசம் இருந்தது, வருகிறேன் என்றால் அடுத்து என்ன சொல்வது என்று ஒரு நாளும் ஒத்திகை பார்த்ததில்லை. ஏழு மணி நேர வழியில் பஸ் எங்கெங்கே நிற்கும், எந்த இடத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, எதில் தண்ணீர் வராது, எல்லாம் மூன்று டிரைவர்களைத் துருவித் துருவி விசாரித்து மனப்பாடம், எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், அந்த வழி போய் முடிகிற வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவில் மகள் முகத்துக்குப் பின்னால் தெரிகிற ஒரு துண்டு மஞ்சள் சுவர்தான். "அம்மா, லைன்ல இருக்கியா?" "இருக்கேன். ஆமா... அந்த மஞ்சச் சுவரு எந்த ரூம்டி?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு, இதை எப்போதோ கேட்டிருக்கலாமே, போனில் கேட்பதற்கு எந்தப் பஸ்ஸிலும் ஏற வேண்டியதில்லையே என்று திகைத்து நின்றாள்.